பெயர்த்தகடு இல்லாத எஞ்சின்: ஆரம்பகால உள்ளெரி இயந்திரங்களை அடையாளம் காணும் வழி

அருங்காட்சியகங்களுக்கு வந்து சேரும் பழைய எஞ்சின்களில் பலவற்றுக்குப் பெயர்த்தகடு இருப்பதில்லை. பித்தளைக்கு எந்தக் காலத்திலும் விலை உண்டு என்பதால், எஞ்சின் ஓட்டம் நின்று பட்டறையின் மூலைக்குப் போன கொஞ்ச நாளிலேயே தகட்டைத் திருகோடு கழற்றி எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். மிஞ்சுவது வார்ப்பிரும்பு உடலும் ஃப்ளைவீலும், கைமாறிக் கைமாறி வந்த ஒரு வாய்மொழிக் கதையும்தான். அந்தக் கதையை வைத்து எழுதப்படும் விளக்கப் பலகை பெரும்பாலும் ‘பழைய நீராவி எஞ்சின்’ என்றோ ‘பழைய டீசல் எஞ்சின்’ என்றோ முடிந்துவிடுகிறது. 1860-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில், எரிபொருளைச் சிலிண்டருக்குள்ளேயே எரிக்கும் உள்ளெரி இயந்திரம் எத்தனை விதமான வடிவங்களில் முயன்று பார்க்கப்பட்டது என்பதை அறிந்தவர்களுக்கு, அப்படியொரு பலகை எவ்வளவு பெரிய செய்தியை மூடி மறைக்கிறது என்பது புரியும்.

வடசென்னைக்கு இந்தப் பேச்சு அந்நியமானதல்ல. மெட்ராஸ் ரயில்வேயின் பெரம்பூர்ப் பணிமனை 1850-களில் தொடங்கியது. 1840-இல் குதிரை வண்டி கட்டும் தொழிலில் இறங்கிய சிம்சன் நிறுவனம், 1903-இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டியது. பிற்பாடு அதே நிறுவனம் செம்பியத்தில் டீசல் எஞ்சின்களை வார்த்துக் கடைந்து பொருத்தத் தொடங்கியது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்ட், பெரம்பூரில் ஐ.சி.எஃப். எனும் ரயில் பெட்டித் தொழிற்சாலை, காசிமேட்டில் விசைப்படகுகளின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் என்று, இரும்பை விரலால் தடவியே அது எதற்காகக் கடையப்பட்டது என்று சொல்லக்கூடியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டிய ரயில் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களில் பாதிப் பேராவது ஏதோ ஒரு வகையில் இந்தத் தொழிற்சாலைகளோடு தொடர்புள்ள குடும்பத்தினராக இருப்பார்கள். தகடு இல்லாத ஓர் எஞ்சினை அடையாளம் காண்பதற்கு ஏடுகளில் இருக்கும் அறிவும் இவர்கள் கையில் இருக்கும் அறிவும் சேர்ந்தே வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

இப்பகுதியில் ஒரு தொழிற்பயிற்சி வளாகத்தின் சிறிய காட்சிக்கூடத்தில் நிற்கும் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிடைமட்டமான ஒற்றைச் சிலிண்டர், மார்பளவு உயரமுள்ள ஃப்ளைவீல், உடல் முழுக்கத் தடித்த பச்சைப் பெயின்ட், முன்னால் ‘நீராவி இயந்திரம்’ என்ற பலகை. செம்பியத்தில் நெடுங்காலம் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அதை ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, அங்கே பொறுப்பில் இருந்த இளைஞரிடம் கேட்டார்: “பாய்லர்லேர்ந்து ஸ்டீம் உள்ள வர்றதுக்கு பைப்பு எங்க தம்பி? சிலிண்டரு ஒரு பக்கம் தொறந்து கெடக்குது பாரு.”

அவர் தொட்டுக்காட்டியது ஆய்வின் முதல் படி. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி மாறி மாறித் தள்ளும். ஆகவே சிலிண்டர் இரு முனையிலும் மூடியிருக்கும், பிஸ்டன் தண்டு, கசிவைத் தடுக்கும் கிளாண்ட் என்ற அடைப்பு வழியாக வெளியே வந்து, கனெக்டிங் ராடோடு இணைக்கும் குறுக்குத்தலையில் சேரும். உள்ளெரி இயந்திரத்தில் எரியும் வாயுவின் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டுவதால், அந்தத் தண்டையும் கிளாண்டில் அடைத்த திரியையும் காப்பாற்றுவது பெரும்பாடு. எனவேதான் பிஸ்டனின் ஒரு பக்கத்தை மட்டும் நெருப்புக்குக் கொடுத்து, மறுபக்கத்தைக் காற்றுக்குத் திறந்துவிட்டு, கனெக்டிங் ராடை நேராகப் பிஸ்டனுக்குள்ளேயே ஊசியால் கோத்தார்கள். அடுத்தது தண்ணீர். நீராவிச் சிலிண்டரைச் சூடு ஆறாமல் காக்கவேண்டும் என்பதால் அதற்கு மரப்பட்டையோ தகடோ போர்த்துவார்கள். உள்ளெரிச் சிலிண்டரைக் குளிர வைக்கவேண்டும் என்பதால் அதைச் சுற்றி நீருறை வார்த்து, கீழே ஒரு குழாயும் மேலே ஒரு குழாயும் வைப்பார்கள். மூன்றாவது ஃப்ளைவீலின் எடை. பல சுற்றுகளுக்கு ஒருமுறை மட்டுமே உந்துதல் பெறும் இயந்திரம், மீதி நேரத்தைச் சமாளிக்க அளவுக்கு மிஞ்சிய கனமுள்ள சக்கரத்தைச் சுமந்துதான் ஆகவேண்டும்.

இந்த அடையாளங்கள் சாதாரண எஞ்சினுக்குப் போதும். அபூர்வமானவை இவற்றை மீறுவதால்தான் அபூர்வமாகின்றன. 1860-இல் பாரிஸில் எத்தியேன் லெனுவார் செய்த எரிவாயு எஞ்சினைத் தொலைவில் இருந்து பார்த்தால் நீராவி எஞ்சினேதான்: இரு பக்கமும் மூடிய சிலிண்டர், குறுக்குத்தலை, இரு பக்கமும் நகரும் சறுக்கு வால்வுகள். கலவையை அமுக்காமலேயே, பிஸ்டன் பாதி வழி போனதும் மின்பொறியால் கொளுத்தும் இயந்திரம் அது. சிலிண்டரின் இரு முனைகளிலும் பீங்கான் காப்புள்ள பொறிமுனைகளுக்காகத் துளைத்த சிறு ஓட்டைகளும் நீருறையும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு பக்கம் திறந்த நீராவி எஞ்சின்களும் செய்யப்பட்டன என்பதால், எந்த ஒற்றை அடையாளத்தையும் தனியாக நம்பி முடிவு கட்டக்கூடாது.

உள்ளெரி இயந்திரம் என்று உறுதியான பிறகு வருவதுதான் இந்த ஆய்வின் உயிர்நாடியான கேள்வி: எத்தனை சுற்றுக்கு ஒருமுறை இது வெடிக்கிறது? அதற்குப் பதில் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய தண்டில் இருக்கிறது. பிஸ்டனின் போக்குவரவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து பற்சக்கரம் வழியாகச் சுழற்சி பெற்று, கேம் எனும் புடைப்புகளால் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு அது. ஃப்ளைவீலின் விளிம்பில் ஒரு சாக்பீஸ் கோடும் இந்தப் பக்கத்தண்டில் ஒரு கோடும் போட்டுவிட்டு மெல்லச் சுற்றினால், ஃப்ளைவீல் இரண்டு சுற்றுச் சுற்றும்போது பக்கத்தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் அது நான்கு வீச்சு எஞ்சின் (பிஸ்டனின் ஒருவழி நகர்வு ஒரு வீச்சு): உறிஞ்சு, அமுக்கு, விரி, வெளியேற்று.

துரு பிடித்து இறுகிப்போன எஞ்சினை வலுக்கட்டாயமாகச் சுற்றக்கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விட்டால் அதை ஒட்டவைக்க வழியில்லை என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். சுற்றாமலேயே விகிதத்தை அறியப் பற்களை எண்ணினால் போதும். இங்கே ஏமாறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து எஞ்சின்கள் பலவற்றில் இந்தச் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் சாய்பல் சக்கரங்கள். நேர்ப்பல் சக்கரத்தில் பாதி வேகம் வேண்டுமென்றால் விட்டம் இரு மடங்காக இருக்கவேண்டும். சாய்பல் சக்கரத்தில் பல்லின் சாய்வுக் கோணத்தை மாற்றியே விகிதத்தை மாற்றலாம் என்பதால், ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரியும் இரண்டு சக்கரங்கள் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் ஓடக்கூடும். கண்ணளவை நம்பி ‘இரண்டும் ஒரே வேகம்’ என்று குறித்துக்கொண்டு போனால், அதன் பிறகு எழுதுவதெல்லாம் தப்பாகிவிடும். பற்களின் இடுக்கில் உறைந்திருக்கும் பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, தொடங்கிய பல்லில் ஒரு சாக்பீஸ் புள்ளி வைத்துவிட்டு, ஒருவர் எண்ண இன்னொருவர் சரிபார்ப்பதே முறை.

விகிதம் இரண்டாக இல்லாமல் போனால் எஞ்சின் உடனே சுவாரசியமாகிவிடுகிறது. அதற்குக் காரணம் பொறியியலில் மட்டும் இல்லை, நீதிமன்றத்திலும் இருக்கிறது. நிக்கோலாஸ் ஆகஸ்ட் ஓட்டோ 1876-இல் நான்கு வீச்சு எஞ்சினை ஓட்டிக்காட்டினார். அவருடைய டாய்ட்ஸ் தொழிற்சாலை அதற்குக் காப்புரிமையும் பெற்றது. இங்கிலாந்தில் மான்செஸ்டரின் கிராஸ்லி சகோதரர்கள் அதைத் தயாரிக்கும் உரிமத்தை வைத்திருந்தார்கள். நான்கு வீச்சு முறையில் எஞ்சின் செய்ய விரும்பிய வேறு யாரும் உரிமத்தொகை கட்டவேண்டும், இல்லையென்றால் வழக்கைச் சந்திக்கவேண்டும். பிரெஞ்சுப் பொறியாளர் போ த ரோஷா 1862-லேயே இந்த முறையை எழுதிவைத்திருந்தார் என்ற காரணத்தால் ஜெர்மனியில் 1886-இல் ஓட்டோவின் காப்புரிமை ரத்தானது. இங்கிலாந்திலோ 1880-களின் தொடக்கத்தில் நடந்த லின்ஃபோர்டு வழக்கில் நீதிமன்றம் காப்புரிமையை நிலைநிறுத்தியதால், 1890-இல் அது காலாவதியாகும் வரை கிராஸ்லியின் பிடி தளரவில்லை.

நான்கு வீச்சைத் தொடாமல் எஞ்சின் செய்யும் கட்டாயத்தில் இருந்த பொறியாளர்கள், இந்த இடைக்காலத்தில்தான் விநோதமான அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். 1890-க்குப் பிறகு எல்லோரும் நான்கு வீச்சுக்குத் தாராளமாக மாறிக்கொண்டதால் அந்த விநோதங்களில் பல அப்படியே நின்றுபோயின. ஆகவே, பிரிட்டிஷ் எஞ்சின் ஒன்றின் விசித்திரமான அமைப்பு அதன் வயதைச் சொல்லும் சான்றாகவும் ஆகிறது. தகட்டில் வெட்டிய ஆண்டு தொலைந்துபோயிருக்கலாம். காப்புரிமைக்குப் பயந்து வளைத்துக் கட்டிய இரும்பு தொலைவதில்லை.

அந்த விநோதங்களில் மூன்றைச் சொல்லவேண்டும். ஸ்காட்லாந்தின் டூகல்ட் கிளார்க் 1881-இல் காப்புரிமை பெற்ற எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும் இரண்டு வீச்சு எஞ்சின். அதில் இரண்டு சிலிண்டர்கள் இருக்கும். ஒன்றில்தான் எரிதல் நடக்கும், மற்றொன்று கலவையை உறிஞ்சி முதல் சிலிண்டருக்குள் செலுத்தும் பம்பு மட்டுமே. பார்வையாளரும், சில நேரம் அட்டை எழுதுபவரும், இதை இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் என்று எடுத்துக்கொள்வார்கள். பற்றவைக்கும் அமைப்பு எந்தச் சிலிண்டரில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்தால் போதும். வேலைச் சிலிண்டரின் முன்பகுதியில், பிஸ்டன் வீச்சின் கடைசியில் தானே திறந்துவிடும் புகைபோக்கித் துளைகளும் தெரியும்.

இரண்டாவது, பாத் நகரத்தின் சாமுவேல் கிரிஃபின் 1883-இல் கொண்டுவந்த ஆறு வீச்சு எஞ்சின். நான்கு வீச்சு முடிந்ததும் வெறும் காற்றை ஒருமுறை உள்ளே இழுத்து ஒருமுறை வெளியே தள்ளி, மிஞ்சிய புகையைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்கும் முறை அது. இதில் மூன்று சுற்றுக்கு ஒரு வேலை வீச்சு. ஆகவே சுற்றின் கணக்கை இரண்டால் வகுக்காமல் மூன்றால் வகுக்கவேண்டியிருக்கும். அந்த ஓர் எண்ணே இதைக் காட்டிக்கொடுக்கும். 1886 வாக்கில் கில்மார்னக் நகரத்தின் டிக், கெர் நிறுவனம் உரிமம் பெற்று இதை இரு பக்கமும் வெடிக்கும் பெரிய எஞ்சினாகச் செய்தது. இன்று கிரிஃபின் எஞ்சின்களில் இரண்டே இரண்டுதான் மிஞ்சியிருப்பதாக அறியப்படுகிறது: ஒன்று இங்கிலாந்தின் ஆன்சன் எஞ்சின் அருங்காட்சியகத்தில், 1885-இல் செய்யப்பட்ட மற்றொன்று பர்மிங்காமில் இருந்து 2007-இல் பாத் நகரத்துக்கே திரும்பி வந்தது. பற்களை எண்ணிப் பார்க்கும் பொறுமை இல்லாதவர் கண்ணில் இவை சாதாரண எரிவாயு எஞ்சின்களாகத்தான் படும்.

மூன்றாவது ஜேம்ஸ் அட்கின்சனுடையது. இவற்றிலெல்லாம் மிக அழகான சிந்தனை இதுதான் என்பேன். 1880-களின் நடுவில் அவர் செய்த எஞ்சின்களில் கனெக்டிங் ராட் நேராகக் கிராங்கைப் பிடிப்பதில்லை. இடையில் ஊசலாடும் இணைப்புத் தண்டுகள் வந்து, கிராங்க் ஒரே ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பிஸ்டன் இரண்டு முறை போய்வந்து நான்கு வீச்சுகளையும் முடிக்கும்படி செய்கின்றன. அதைவிட முக்கியம், அந்த நான்கு வீச்சுகளும் ஒரே நீளமாக இருப்பதில்லை. உறிஞ்சும் வீச்சு குட்டை, விரியும் வீச்சு நெட்டை. எரிந்த வாயு கூடுதலாக விரிய இடம் கிடைப்பதால் வழக்கமாகப் புகையோடு வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை வேலையாக மாற்ற முடிந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மெல்லிய மரக்குச்சி போதும். சிலிண்டரின் திறந்த வாயில் குச்சியை விட்டுப் பிஸ்டனின் விளிம்பில் முட்டவைத்து, ஃப்ளைவீலை ஒரு முழுச் சுற்று மெல்லச் சுற்றிக்கொண்டே, பிஸ்டன் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் குச்சியில் கோடு போடவேண்டும். மற்ற எல்லா எஞ்சினிலும் இரண்டு கோடுகள்தான் விழும். அட்கின்சன் எஞ்சினில் ஒரு சுற்றுக்குள் நான்கு திருப்பங்கள் வரும், கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழாது. இன்றைய ஹைப்ரிட் கார்களில் பேசப்படும் அட்கின்சன் முறை அந்த இணைப்புத் தண்டுகள் இல்லாமல், வால்வு மூடும் நேரத்தைத் தள்ளிப்போட்டே அதே பலனைப் பெறுகிறது.

ஓட்டோவின் நான்கு வீச்சுக்கு முந்தைய எஞ்சின்களை அடையாளம் காண்பது இவ்வளவு கடினமில்லை. 1867 பாரிஸ் பொருட்காட்சியில் தங்கப்பதக்கம் வென்ற ஓட்டோ–லாங்கன் எஞ்சினில் பிஸ்டனைப் பிடிக்கும் கிராங்கே கிடையாது. உயரமான சிலிண்டருக்குள் பிஸ்டன் வெடித்து மேலே பறந்து, காற்றழுத்தத்தாலும் தன் எடையாலும் கீழே இறங்கும்போது மட்டும் ஒரு பற்சட்டத்தின் வழியாக உச்சியில் உள்ள தண்டைச் சுற்றும். அதன் ஓசை காதைப் பிளக்கும், ஆனாலும் லெனுவாரின் எஞ்சினைவிடப் பாதிக்கும் குறைவான எரிவாயுவே அதற்குத் தேவைப்பட்டது. பிஷோப் எஞ்சின் அதைவிடச் சிறியது. நீருறை இல்லாமல், விலா எலும்புபோலத் துருத்தும் தகடுகளால் காற்றிலேயே குளிரும் செங்குத்துச் சிலிண்டர் அதன் அடையாளம்.

அடுத்த சான்று, கலவையைக் கொளுத்திய விதம். ஓட்டோவின் 1876 எஞ்சினில் சிலிண்டரின் பின்முனையில் ஒரு தட்டையான சறுக்குப் பலகை குறுக்கே போய்வரும். வெளியே எரியும் சிறு தீச்சுடரிலிருந்து ஒரு குழிக்குள் நெருப்பை வாங்கி, வெளிப்புறத்தை மூடிக்கொண்டு, உள்ளே திறந்து அந்த நெருப்பைச் சிலிண்டருக்குக் கொடுப்பது அதன் வேலை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 180 சுற்றுக்குமேல் ஓட்டவும், கலவையைக் கூடுதலாக அமுக்கவும் இந்த முறை இடம்கொடுக்கவில்லை. ஆகவே இதைத் துரத்திவிட்டுச் சுடுகுழாய் வந்தது. ஒரு முனை மூடிய விரல் அளவுக் குழாயை வெளியிலிருந்து பர்னரால் பழுக்கக் காய்ச்சி வைத்தால், அமுக்க வீச்சில் புதிய கலவை அதற்குள் புகுந்து தானே பற்றிக்கொள்ளும். காட்லீப் டைம்லர் 1880-களில் வேகமான சிறு எஞ்சின்களைச் செய்ய முடிந்ததற்கு இந்தச் சுடுகுழாயும் ஒரு காரணம்.

நூறாண்டு கழிந்த பின் இந்தக் குழாய் எந்த எஞ்சினிலும் தங்கியிருக்கும் என்று எதிர்பார்க்கமுடியாது; அது அடிக்கடி கருகி மாற்றப்பட்ட பொருள். சிலிண்டர் முனையில் திருகுமரையிட்ட ஒரு துளை, அதற்குச் சற்று மேலே சிறு புகைக்கூண்டைப் பிடித்து நின்ற தாங்கியின் போல்ட் துளைகள், அந்தப் பக்கம் மட்டும் நிறம் மாறிய இரும்பு ஆகியவையே எஞ்சியிருக்கும். பின்னாளில் யாராவது அந்தத் துளையில் ஸ்பார்க் பிளக் மாட்டி ஓட்டியிருந்தால், பெட்ரோல் எஞ்சின் என்று சொல்லப்பட்டுவிடும். மறுபுறம், மின்பொறி இருப்பதாலேயே எஞ்சின் பிற்காலத்தது என்று சொல்லவும் முடியாது. லெனுவார் 1860-லேயே மின்பொறியைத்தான் பயன்படுத்தினார்.

தொழிற்பயிற்சி வளாகத்து எஞ்சினில் சறுக்குப் பலகையும் இல்லை, சுடுகுழாய்த் துளையும் இல்லை, மின்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ உட்காரும் இடமும் இல்லை. சிலிண்டரின் பின்னால், ஒடுங்கிய கழுத்தோடு ஒரு தடித்த வார்ப்பிரும்புக் குடுவைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. உட்புறம் விலாத்தகடுகள், மேலே துருப்பிடித்த ஒரு மூடாக்கு. பக்கத்தண்டின் கேம் ஒன்று கைமுட்டி அளவுள்ள சிறு எண்ணெய்ப் பம்பை அமுக்கும்படி அமைந்திருந்தது. பற்களின் விகிதம் இரண்டு. இந்த அடையாளங்கள் எல்லாம் சேர்ந்து சுட்டுவது ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890-இல் காப்புரிமை பெற்று, கிராந்தம் நகரத்தின் ரிச்சர்ட் ஹார்ன்ஸ்பி நிறுவனம் 1890-களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த சூடுகுடுவை எஞ்சின் வகையை. புளோ லேம்பால் சில நிமிடங்கள் குடுவையைக் காய்ச்சிவிட்டு ஃப்ளைவீலைச் சுற்றிவிட்டால், மண்ணெண்ணெய் அந்தச் சூட்டில் ஆவியாகும். அமுக்க வீச்சில் கழுத்து வழியே பாயும் காற்றோடு கலந்து பற்றிக்கொள்ளும். ஒருமுறை ஓடத் தொடங்கிய பின் எரிதலின் சூடே குடுவையைக் காய்ந்த நிலையில் வைத்திருக்கும், விளக்கு தேவையில்லை.

இதை டீசல் எஞ்சின் என்று எழுதுவதும் பிழையே, நீராவி என்பதைவிடக் குறைவான பிழை, அவ்வளவுதான். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் வெற்றிகரமாக ஓட்டிய எஞ்சினில் காற்றை வளிமண்டல அழுத்தத்தைப்போல முப்பது மடங்குக்குமேல் அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைத்தார்கள். அக்ராய்டின் தொடக்ககால எஞ்சின்களில் அமுக்கம் அதில் சிறு பங்குதான். குடுவை ஆறினால் எஞ்சின் நின்றுவிடும். இந்த வேறுபாடு இரும்பிலேயே தெரியும். டீசலின் சிலிண்டர் தலையும் அதைப் பிடிக்கும் போல்ட்டுகளும் மிகத் தடிப்பானவை. ஆரம்பகால டீசல்களில் எண்ணெயைச் சிலிண்டருக்குள் ஊதிச் செலுத்த ஒரு காற்றுக் கம்ப்ரஸரும் உயர் அழுத்தக் காற்றுக் கலங்களும் கூடவே இருந்தாகவேண்டும். அவை எதுவும் இல்லாமல், பின்னால் குடுவை மட்டும் இருக்கும் எஞ்சினை ‘ஆயில் எஞ்சின்’ என்று நம் பெரியவர்கள் அழைத்ததே சரியான பெயர்.

அது ஏன் சென்னைப் பக்கம் வந்திருக்கும் என்பதற்கும் காரணம் சொல்லமுடியும். எரிவாயு எஞ்சினுக்கு நகரத்து எரிவாயுக் குழாயோ, பக்கத்திலேயே கரியை எரித்து வாயு எடுக்கும் கலனோ வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு ஒரு பீப்பாய் எண்ணெய் இருந்தால் எந்தக் கிராமத்திலும் ஓட்டலாம். கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1900-களின் தொடக்கத்தில் எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் கிணற்றுப் பாசனத்துக்குப் பயன்படுத்தும் சோதனைகளை முன்னின்று நடத்தினார். கமலை ஏற்றத்துக்கு மாடு பூட்டிய கிணறுகளில் எஞ்சின் ஓசை கேட்கத் தொடங்கியது அப்படித்தான். கரிவாயு முறை இங்கே இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது பின்னால் கலன் கட்டி ஓடிய கரி பஸ்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். ஆகவே எரிவாயு வால்வோடு ஓர் எஞ்சின் இங்கே கிடைத்தால், அதோடு வந்திருக்கவேண்டிய கரிக்கலனின் தடயத்தையும் தேடவேண்டும்.

எந்த வகை என்று தெரிந்த பிறகு, யார் செய்தது என்பதற்கு மரைகளையும் எண்களையும் பார்க்கவேண்டும். பிரிட்டிஷ் விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, அமெரிக்க செல்லர்ஸ் மரையின் கோணம் 60 டிகிரி. லேத் பட்டறையில் எல்லோரிடமும் இருக்கும் த்ரெட் கேஜை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். 60 டிகிரியும் அங்குலக் கணக்கும் சேர்ந்திருந்தால் அமெரிக்கா பக்கம் திரும்பலாம். விட்வொர்த் என்றால் உடனே இங்கிலாந்து என்று எழுதிவிடக்கூடாது, ஏனென்றால் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பட்டறைகளிலும் விட்வொர்த் மரைதான் பரவலாக வழங்கியது. பழுது பார்க்கும்போது மாற்றிய போல்ட்டுகள் வேறு மரையில் இருக்கும். ஆகவே சிலிண்டரிலும் எஞ்சினின் அடிப்படுக்கையிலும் நேரடியாக வெட்டிய உள்மரைகளையே அளக்கவேண்டும்.

வரிசை எண் பெரும்பாலும் கிராங்க் ஷாஃப்ட்டின் முனை, கனெக்டிங் ராடின் பெருந்தலை, சிலிண்டரின் விளிம்பு ஆகிய இடங்களில் குத்தப்பட்டிருக்கும். மூன்றிலும் ஒரே எண் என்றால் எஞ்சின் பிறந்தபடியே இருக்கிறது. வேறு வேறு எண் என்றால் இரண்டு எஞ்சின்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் இது நிறையவே நடக்கும், எஞ்சினை ஓடவைப்பதுதானே பட்டறைக்காரர் வேலை. பித்தளைத் தகடு தப்பியிருந்தாலும் அதில் உள்ள பெயர் செய்தவருடையதா, இறக்குமதி செய்து விற்ற ஏஜெண்டுடையதா என்று பார்க்கவேண்டும். அந்த எண்களைக் கண்ணில் படாமல் செய்வதில் பெயின்ட்டுக்கு நிகர் வேறில்லை. ஒவ்வோர் ஆயுதபூஜைக்கும் எஞ்சினைக் கழுவிப் புதுப் பெயின்ட் அடித்து, சந்தனமும் குங்குமமும் வைப்பது நம் பட்டறைகளின் வழக்கம். அந்த மரியாதை பெரிய விஷயம். ஆனால் ஐம்பது அறுபது ஆண்டுப் பெயின்ட் குத்தெழுத்துகளின் பள்ளத்தை முழுமையாக நிரப்பிவிடுகிறது. காட்சிக்கு வைப்பதற்காக எல்லாவற்றையும் மணல் வீசிச் சுரண்டினால் பெயின்ட்டோடு எழுத்தின் ஓரங்களும் போய்விடும். எண் இருக்கக்கூடிய சிறு இடங்களில் மட்டும் பெயின்ட் கரைப்பானைத் தடவி, மரக்குச்சியால் அடுக்கடுக்காக எடுத்தால், அடியில் உள்ள முதல் நிறமும் தெரியவரும். தயாரிப்பாளரைக் கண்டுபிடிக்க அந்த நிறமும் உதவும்.

இத்தனைக்கும் பிறகு எழுதப்படும் விளக்க அட்டையில் உறுதியானதையும் ஊகத்தையும் தனித்தனியே பிரித்து எழுதவேண்டும். ‘சூடுகுடுவை வகை மண்ணெண்ணெய் எஞ்சின், நான்கு வீச்சு, ஒற்றைச் சிலிண்டர்’ என்பது இரும்பு சொல்வது. அதை உறுதியாக எழுதலாம். ‘ஹார்ன்ஸ்பி–அக்ராய்ட் ஆக இருக்கலாம்’ என்பது எண்ணும் மரையும் ஒத்துவரும் வரை ‘இருக்கலாம்’ என்றே நிற்கட்டும். அந்த வகையை வேறு நிறுவனங்களும் பின்னாளில் செய்தன. பற்களின் எண்ணிக்கை, சிலிண்டரின் உள்விட்டம், வீச்சின் நீளம் ஆகிய மூன்றையும் அட்டையிலேயே அச்சிட்டுவிட்டால், வேறு ஊரில் இதே எஞ்சினை வைத்திருப்பவர் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்.

கழன்று கிடக்கும் சிறு பாகங்களை இரும்புக்கடைக்குப் போகவிடாமல் காப்பதும் அவசரமானது. காட்சிக்கூடத்தின் மூலையில் ஒரு டப்பாவில் கிடக்கும் ஊசிமுனைத் தெளிப்பான், ஒரு முனை மூடிய குழாய், அடிபட்ட புளோ லேம்ப், எதனோடும் பொருந்தாத கன்மெட்டல் புஷ் ஆகியவை ஓர் எஞ்சினின் வகையையே தீர்மானிக்கக்கூடும். அவற்றின் மேல் எண் எழுதிய சீட்டைக் கட்டி, எந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதையும் குறித்துவைக்கவேண்டும். பெரம்பூர், செம்பியம், அயனாவரம் பக்கம் ஓய்வில் இருக்கும் ஃபிட்டர்களையும் டர்னர்களையும் அழைத்து அந்த டப்பாவை ஒரு மேசையில் கொட்டிக் காட்டினால், ஒரு பிற்பகலுக்குள் பாதிப் பொருள்களுக்கு இடம் கிடைத்துவிடும். அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, எந்தப் பாகத்தைப் பற்றி யார் என்ன சொன்னார் என்று எஞ்சினின் கோப்பிலேயே சேர்த்துவைக்கும் வேலையை, இவர்களில் பலரும் எண்பதைத் தொட்டுவிட்ட இந்த ஆண்டுகளிலேயே செய்துமுடிக்கவேண்டும்.